சிட்டி கோல்ஃப் சஸ்பென்ஷன்: ஸ்பிரிங்கை முதலில் வாங்கிய தப்பு

நேற்று மாலை காரை நாலு சக்கரத்திலும் நிறுத்தி அளவெடுத்தேன். முன் இடது 333, முன் வலது 332, பின் இடது 338, பின் வலது 337. எல்லாம் மில்லிமீட்டர், சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர்மேலே மட்கார்டு விளிம்பு வரை. ஸ்பிரிங், ஷாக் மாற்றி வண்டியைத் தாழ்த்துகிற வேலை. ஜூன் மாதம் ஆரம்பித்தது நவம்பரில் முடிந்திருக்கிறது. இரண்டு சனிக்கிழமை போதும் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். அதை இன்னும் மறக்கவில்லை அவர்கள்.

வண்டி 2007 மாடல் வோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃப், 1.4. ஊரிலிருந்து படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: ஐரோப்பாவில் 1974-இல் வந்த முதல் தலைமுறை கோல்ஃப்தான் இது. அங்கே அதை நிறுத்திய பிறகும் தென்னாப்பிரிக்காவில், யூட்டன்ஹேக் தொழிற்சாலையில், 1984 முதல் 2009 வரை செய்துகொண்டே இருந்தார்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று நிறத்தில் தொடங்கிய வண்டி, மூன்றரை லட்சத்துக்கும் மேல் இறங்கியது. நமக்கு அம்பாசடர் எப்படியோ, இங்கே அப்படி. அதனால் சாமான் கிடைக்காத கவலை இல்லை. டர்பனில் எந்த ஸ்கிராப் யார்டுக்குள் நுழைந்தாலும் ஒன்றிரண்டு கவிழ்ந்து கிடக்கும். என்னுடையதை இரண்டு வருடம் முன்பு 42,000 ரேண்டுக்கு வாங்கினேன்.

இந்த வேலைக்குப் பிள்ளையார் சுழி போட்டது மாரியம்மன். இங்கே பெரிய வெள்ளி வந்தால் நம் ஜனங்கள் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குக் கிளம்பிவிடுவார்கள். நாங்களும் போனோம். முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர், டிக்கியில் பாத்திரங்கள். திரும்பி வரும்போது சாட்ஸ்வொர்த்துக்குள் ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியின் பின்பக்கம் தரையைக் கும்பிட்டுக்கொண்டே வந்தது. அத்துடன் முன் வலப்பக்கத்தில் ஒரு 'டொக்'. பிரேக்கை மிதித்தால் ஒரு முறை, விட்டால் ஒரு முறை.

இன்னொரு ஆசையும் இருந்ததை ஒப்புக்கொள்கிறேன். ஹில்கிரெஸ்டைத் தாண்டி போத்தாஸ் ஹில், டிரம்மண்ட், இஞ்சாங்கா என்று பழைய மாரிட்ஸ்பர்க் ரோடு, ஆர்103, போகிறது. ஆயிரம் குன்றுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் வளைந்து வளைந்து போகும் ரோடு. காம்ரேட்ஸ் மாரத்தான் ஓடுகிறவர்களுக்குக் கால்வலி கொடுக்கிற அதே ரோடுதான். அங்கே இந்த வண்டியை ஓட்டினால் வளைவுக்கு வளைவு கப்பல் மாதிரி சாய்ந்தது. வளைவின் நடுவில் ஒரு குழி வந்தால் ஸ்டியரிங் சொன்ன இடத்துக்குப் போகாமல் ஒரு அடி தள்ளிப் போனது. ஸ்பிரிங்கைக் கொஞ்சம் தாழ்வாகவும் கடினமாகவும் மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானே முடிவு செய்தேன். தப்பு அங்கேதான் ஆரம்பம்.

பக்கத்து வீட்டு அங்கிளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிரோஸ்பெக்டனில் இருக்கும் டொயோட்டா தொழிற்சாலையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் தாத்தாவின் தாத்தா கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர். அங்கிளுக்குத் தெரிந்த தமிழ் கோயில் தமிழும் அடுப்படித் தமிழும்தான். மீதியெல்லாம் டர்பன் இங்கிலீஷ். என்னைத் 'தம்பி' என்று கூப்பிடுவார். என் கார் வோக்ஸ்வாகன் என்பதில் அவருக்கு ஒரு நிரந்தர வருத்தம் உண்டு. ஸ்பிரிங் வாங்கப் போகிறேன் என்றதும், "தம்பி, முதலில் அடியில் படுத்துப் பார்" என்றார். நான் படுக்கவில்லை. ஸ்பிரிங் ஆர்டர் போட்டேன்.

தாழ்த்துவதில் நிறைய வழி இருக்கிறது. இங்கே பையன்கள் பலர் பழைய ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்றை கிரைண்டரால் வெட்டிவிடுவார்கள். சிலர் கேஸ் டார்ச்சால் சூடாக்கி உட்கார வைப்பார்கள். சூடு பட்ட ஸ்பிரிங் அதன் உரத்தை இழந்துவிடும். ஒரு நாள் குழியில் உடையும். நான் 35 மி.மீ. தாழ்வான புது செட் வாங்கினேன், 2,400 ரேண்ட். 60 மி.மீ. தாழ்த்துகிற செட்டும் இருந்தது. எங்கள் தெருவின் வேகத்தடைகளை நினைத்துக்கொண்டேன், கை நீளவில்லை. ஷாக், அதாவது ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குகிற குழாய், நாலும் கேஸ் நிரப்பியது, 3,280. முன்பக்கம் ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூணுக்கு ஸ்ட்ரட் என்று பெயர். அதன் மேல் பேரிங்கோடு கூடிய ரப்பர் மவுண்ட் இரண்டு, 640.

டர்பனில் இந்த மாதிரி வேலைக்கு ஜூன், ஜூலைதான் சரியான காலம். மழை இருக்காது, வேர்வை கண்ணில் இறங்காது. எனக்கு கராஜ் கிடையாது. வீட்டு முன்னால் சிமெண்ட் போட்ட சரிவு, அதன் மேல்முனையில் ஒரு கார் நிற்கிற அளவுக்குச் சமதளம். அங்கேதான் எல்லாம்.

முதல் வேலை அளவு. ஒன்றையும் கழற்றாமல் நாலு மூலையிலும் எடுத்தேன்: முன் இடது 369, முன் வலது 361, பின் இடது 371, பின் வலது 370. முன்பக்கத்தில் இடதுக்கும் வலதுக்கும் 8 மி.மீ. வித்தியாசம். ஓட்டுநர் பக்கம் என்பதால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று நினைத்தேன். ஓட்டுகிறவர் எடையும் கொஞ்சம் அதிகம். அப்படி இல்லை என்பது ஸ்ட்ரட் வெளியே வந்ததும் தெரிந்தது. ஸ்பிரிங்கின் அடி நுனியில் அரைச்சுற்று உடைந்து கீழ்த் தட்டிலேயே கிடந்தது. முறிந்த முகம் முழுக்கத் துரு, ஆக உடைந்து ரொம்ப நாள். கடற்காற்று ஊர். பெயிண்ட் உரிந்த இடத்தில் உப்பு உட்கார்ந்தால் ஸ்பிரிங்குக்கு இதுதான் கதி. அந்த அரைச்சுற்று நழுவி டயரைக் கிழிக்காமல் விட்டது என் அதிர்ஷ்டம்.

வெள்ளிக்கிழமை ராத்திரியே எல்லா போல்ட்டுக்கும் க்யூ20, துரு இளக்கும் ஸ்ப்ரே, அடித்து ஊற விட்டேன். சனிக்கிழமை காலை, சக்கர போல்ட்டை, அதற்கு 17 சாக்கெட், கார் தரையில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்திவிட்டு, அப்புறம் ஜாக்கி. ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வைத்து, ஜாக்கியை இறக்கி, இடுப்பால் ஒரு முட்டு முட்டிப் பார்த்தேன். ஸ்டாண்டை நம்பலாம் என்று உடம்புக்குத் தெரிந்த பிறகே கீழே கையை விடுவேன்.

முன் ஸ்ட்ரட்டை, சக்கரத்தைத் தாங்குகிற வீல் ஹவுசிங்கோடு இரண்டு போல்ட் பிடித்திருக்கிறது. அதில் மேல் போல்ட் சாதாரண போல்ட் இல்லை. நடுவில் கேம் மாதிரி ஒரு புடைப்பு. அதைத் திருப்பினால் சக்கரம் உள்ளேயும் வெளியேயும் சாயும். கேம்பர் அட்ஜஸ்ட்மெண்ட் அதுதான். கழற்றும் முன் அது நின்ற இடத்தை அடையாளம் பண்ண வேண்டும் என்று படித்திருந்தேன். வெள்ளை பெயிண்ட் மார்க்கரால் அழகாகக் கோடு போட்டேன். கழற்றினேன். அப்புறம், சுத்தமாக வேலை செய்கிறவன் என்ற பெருமையில், ஹவுசிங் முழுவதையும் பிரேக் க்ளீனர் அடித்துத் துடைத்தேன். கோடும் போயிற்று. இடப்பக்கத்துக்குப் புத்தி வந்து சென்டர் பஞ்சால் ஒரு புள்ளி வைத்தேன்.

ஸ்ட்ரட் விடுபட்டதும் ஹவுசிங் வெளிப்பக்கம் சாய்ந்து விழப் பார்க்கும். விட்டால் பிரேக் ஹோஸ் இழுபடும், டிரைவ் ஷாஃப்டின் உள் ஜாயிண்டும் விரியும். ஒரு கட்டுக்கம்பியால் அதை ஸ்ட்ரட் டவரில், ஸ்ட்ரட்டின் மேல்முனை மாட்டுகிற பாடிப் பகுதியில், கட்டித் தொங்கவிட்டேன்.

ஸ்பிரிங்கை அழுத்திச் சுருக்குகிற கம்ப்ரெஸர் 450 ரேண்ட், கொக்கி வைத்த இரண்டு திருகு. இந்த முழு வேலையிலும் எனக்கு உண்மையில் பயம் வந்தது இந்த இடத்தில்தான். இரண்டையும் நேர் எதிரெதிரே மாட்டி, இந்தப் பக்கம் நாலு சுற்று, அந்தப் பக்கம் நாலு சுற்று என்று மாற்றி மாற்றி முறுக்க வேண்டும். ஒரு பக்கம் அதிகமானால் ஸ்பிரிங் வாழைக்காய் மாதிரி வளையும், கொக்கி நழுவும். முகத்தை ஸ்பிரிங்கின் நுனிக்கு நேரே வைக்கக் கூடாது. மேல் தட்டு விரலால் ஆடுகிற அளவுக்கு அழுத்தம் போன பிறகுதான் நடு நட்டைத் தொட்டேன். பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்பிவிட்டேன். மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் போன் இருந்தது.

ஒன்றும் ஆகவில்லை. அடுத்த நட்டில்தான் நாள் போயிற்று.

இந்த வண்டியின் முன் ஸ்ட்ரட், உறை தனி, உள்ளே போகிற ஷாக் கார்ட்ரிட்ஜ் தனி. கார்ட்ரிட்ஜை உறையின் வாயில் ஒரு வளைய நட் அழுத்திப் பிடித்திருக்கும். இடப்பக்க நட் பைப் ரெஞ்சுக்கே வழிவிட்டது. வலப்பக்க நட் அசையவில்லை. பைப் ரெஞ்ச் வழுக்கி நட்டின் விளிம்பை மொழுமொழு என்று ஆக்கியது. உளி வைத்துத் தட்டினேன். இன்னும் கொஞ்சம் மொழுமொழு. டார்ச்சால் சூடு காட்டலாமா என்று யோசிக்கும்போது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "உள்ளே எண்ணெய் இருக்கிறது, தம்பி. சூடு வேண்டாம்" என்று குரல் வந்தது. எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாரோ.

அங்கிள் தன் ஷெட்டிலிருந்து ஒரு துண்டு இரும்புக் குழாய் எடுத்து வந்தார், வளைய நட்டைவிட ஒரு சுற்றுச் சின்னது. அதை நட்டின் மேல் உட்கார வைத்து மூன்று இடத்தில் வெல்டிங் வைத்தார். ஷாக்கின் தண்டைச் சுற்றி ஈரத்துணி. வெல்டிங்கும் சூடுதானே என்று கேட்டேன். "இது ஒரு இடத்தில் ஒரு நொடி. நீ காட்டப் போனது பத்து நிமிஷம்" என்றார். ஆறவிட்டு, குழாயின் குறுக்கே ஒரு கம்பியைச் செருகி இருவரும் தள்ளினோம். துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம், நட் சுற்றியது. புது கார்ட்ரிட்ஜோடு புது வளைய நட் கூடவே வந்திருந்தது, பழையது போனால் போகட்டும். ஆனால் இந்த வித்தையை நானாகச் செய்யத் துணியமாட்டேன். அடுத்த முறை இப்படி ஒன்று மாட்டினால் ஸ்கிராப் யார்டில் ஒரு ஜோடி உறை வாங்கிவிடுவேன்.

முன்பக்கம் இரண்டும் முடிய ஞாயிறு சாயங்காலம் ஆனது. பின்பக்கம் ஒன்றுமே இல்லை. ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே கட்டு. மேலே ஒரு நட், கீழே ஒரு போல்ட், பக்கத்துக்கு ஒரு மணி நேரம். அடுத்த சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிந்தது. சக்கர போல்ட்டுகளை, முறுக்கும் விசையை அளக்கிற டார்க் ரெஞ்சில் 110 நியூட்டன் மீட்டர் வைத்து முறுக்கினேன். வண்டி தாழ்வாக, பார்க்க லட்சணமாக நின்றது. போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினேன்.

ஞாயிறு விடியற்காலை டிரம்மண்ட் ரோட்டுக்குப் போனேன். மூன்றாவது வளைவிலேயே முகம் சுருங்கிவிட்டது. வண்டி சாயவில்லை, அது உண்மை. ஆனால் முன்பைவிட மோசமாக இருந்தது. சின்னக் குழிக்கெல்லாம் ஸ்டியரிங் கையில் உதறியது. பிரேக் பிடித்தால் மூக்கு இடப்பக்கம் இழுத்தது. அந்த 'டொக்' இப்போது 'டொக் டொக்'. 6,000 ரேண்டுக்கு மேல் செலவழித்து, இருந்ததையும் கெடுத்துக்கொண்ட மாதிரி.

வீட்டுக்கு வந்ததும் கடைசியில் அடியில் படுத்தேன். அங்கிள் முதலில் சொன்னது. சக்கரத்தின் அடிப்பக்கத்தைப் பாடியோடு இணைக்கிற கை லோயர் ஆர்ம். ஒரு நீளக் கடப்பாரையை அதற்கும் பாடிக்கும் நடுவில் விட்டு நெம்பினேன். ஆர்ம் முன்னும் பின்னும் விரல்கனம் நகர்ந்தது. ஆர்ம் பாடியோடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் வளையம் புஷ். அதன் ரப்பர் உலோகத்தை விட்டுப் பிரிந்து சும்மா கிடந்தது. பின் சக்கரம் இரண்டையும் இணைக்கிற ஆக்சில் பீமின் புஷ்ஷும் அப்படியே. ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்தைத் திருப்புகிற கம்பியான டை ராட் ஒன்றின் முனையில் ஆட்டம். பழைய மெத்தென்ற ஸ்பிரிங்கும் செத்த ஷாக்கும் இந்த ஆட்டத்தையெல்லாம் மூடி மறைத்திருக்கின்றன. கடினமான ஸ்பிரிங் வந்ததும் ஒவ்வொரு அடியும் நேரே புஷ்ஷில் போய் இறங்கியது. 360 ரேண்ட் ரப்பரைப் பார்க்காமல் 2,400 ரேண்ட் ஸ்பிரிங் போட்டிருக்கிறேன்.

சரி, மறுபடியும் ஸ்டாண்ட்.

லோயர் ஆர்ம் கழற்ற, அதன் வெளிமுனையில் இருக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயிண்டை ஹவுசிங்கில் பிடித்திருக்கும் போல்ட்டை முழுதாக வெளியே எடுக்க வேண்டும். தளர்த்தினால் போதாது, ஜாயிண்டின் தண்டில் ஒரு பள்ளம் இருக்கிறது, போல்ட் அதில்தான் உட்கார்ந்திருக்கும். நான் தளர்த்திவிட்டு அரை மணி நேரம் சுத்தியலால் தட்டினேன். என் பால் ஜாயிண்டுகளை ஆர்மில் பிடித்திருந்தது மூன்று மூன்று போல்ட். ஃபேக்டரியிலிருந்து ரிவிட் அடித்து வரும், ஆக முந்தின ஓனர் ஒரு முறை மாற்றியிருக்கிறார். ஆட்டம் இல்லாததால் அதைத் தொடவில்லை.

முன் புஷ்ஷை வெளியே தள்ள வைஸும் இரண்டு சாக்கெட்டும் போதும். ஒன்று புஷ்ஷைவிடச் சின்னது, தள்ளுவதற்கு, இன்னொன்று பெரியது, புஷ் வந்து விழுவதற்கு. புதியது உள்ளே போக பாத்திரம் துலக்கும் சோப்புத் தண்ணீர். கிரீஸ் போடக் கூடாது, ரப்பர் ஊறிப்போகும். பின் புஷ்ஷை ஒரு கிளாம்ப் பிடித்திருக்கிறது, அது தகராறு செய்யவில்லை.

பின் பீம் வேறு கதை. வலப்பக்க போல்ட்டின் நட் வந்துவிட்டது, போல்ட் வரவில்லை. புஷ்ஷின் உள் குழாயும் போல்ட்டும் துருவால் ஒன்றாகிவிட்டிருந்தன. தலையைத் திருப்பினால் போல்ட்டோடு புஷ்ஷும் ரப்பர் பந்து மாதிரி சுற்றியது. மூன்று நாள் க்யூ20, பலன் இல்லை. கடைசியில் பிராக்கெட்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் இருந்த இடுக்கில் ஹாக்சா பிளேடை விட்டு இரண்டு பக்கமும் அறுத்தேன். பிளேடின் ஒரு முனையில் துணியைச் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம். பிளேடு நாலு. பீம் கீழே இறங்கும்போது பிரேக் ஹோஸும் கை பிரேக் கேபிளும் இழுபடாமல் அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துக்கொண்டேன்.

பழைய புஷ்ஷின் வெளிக்கூட்டை பீமிலிருந்து எடுக்க, அதன் உள்பக்கமாக ஹாக்சா பிளேடால் நீளவாக்கில் ஒரு கீறல். பீமின் உலோகத்தைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன் நிறுத்திவிட்டு உளியால் உள்நோக்கி மடக்கினால் கூடு தளர்ந்துவிடும். புதியதை இழுத்து உட்கார வைக்க 12 மி.மீ. திருகுக்கம்பி, தடித்த வாஷர்கள், ஒரு துண்டுக் குழாய். முதல் தடவை கோணலாகப் போனது. வெளியே எடுத்து, பீமின் வாயை எமரி தாளால் தேய்த்து, மறுபடி. பழைய புஷ் எந்தக் கோணத்தில் இருந்ததோ அதை முன்பே போட்டோ எடுத்து வைத்திருந்தேன். பிரேக் க்ளீனரால் போட்டோவை அழிக்க முடியாது.

அடுத்தது அலைன்மெண்ட், சக்கரங்களின் கோணத்தைச் சரி செய்வது. கடைக்கு ஓட்டிப் போவதற்காவது சக்கரம் நேராக இருக்க வேண்டுமே. நாலு ஸ்டாண்டை நாலு மூலையில் வைத்து, காரின் இரண்டு பக்கமும் சக்கர நடு உயரத்தில் தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டினேன். இரண்டு நரம்பும் ஒன்றுக்கொன்று இணையாகவும் காரின் நடுக்கோட்டுக்குச் சம தூரத்திலும் வர வேண்டும். அது வரவே நாற்பது நிமிஷம் ஆனது. அப்புறம் ஸ்டீல் ஸ்கேலால் ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் நரம்பிலிருந்து தூரம். 13 அங்குல ரிம்மின் விளிம்பிலிருந்து விளிம்புக்குச் சுமார் 350 மி.மீ.; அதில் 1 மி.மீ. வித்தியாசம் வந்தால் கிட்டத்தட்ட 10 ஆர்க் நிமிடம் (ஒரு டிகிரிக்கு 60 நிமிடம்). வலது சக்கரம் 4 மி.மீ. வெளியே திரும்பியிருந்தது. டை ராடை அரைச்சுற்று, கால் சுற்று என்று திருப்பி, காரை முன்னும் பின்னும் உருட்டி, மறுபடி அளந்து, இரண்டு பக்கமும் பூஜ்யத்துக்கு அருகில் கொண்டுவந்தேன். கேம்பருக்கு, ரிம்மின் மேல் நேர்க்கட்டை ஒன்றைச் சாய்த்து, அதன் மேல் சாய்வை அளக்க போன். வலப்பக்கக் கோட்டை நானே அழித்துவிட்டதால் கேம் போல்ட்டை ஊகத்தில் வைத்திருந்தேன், மைனஸ் 1.9 டிகிரி காட்டியது. மைனஸ் 1-க்கு இழுத்தேன். பிறகு கடையில் மெஷினில் வைத்தபோது மைனஸ் 1.1, டோவில், அதாவது சக்கரம் உள்ளே வெளியே திரும்பி நிற்கும் கோணத்தில், 3 நிமிடம் பிசகு. தூண்டில் நரம்பின் விலை 60 ரேண்ட். அன்று ராத்திரி இதை மனைவியிடம் மூன்று முறை சொன்னேன்.

ஜூலைக் கடைசியில் மறுபடி டிரம்மண்ட். இந்தத் தடவை வண்டி வேறு வண்டி. வளைவின் நடுவில் குழி வந்தது, ஸ்டியரிங்கில் தெரிந்தது, ஆனால் வண்டி தன் வழியிலேயே போயிற்று. பிரேக் நேராகப் பிடித்தது. திரும்பும் வழியில் போத்தாஸ் ஹில்லில் நிறுத்தி, பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு ஒரு பை (pie) சாப்பிட்டேன். முடிந்தது என்று நினைத்தேன்.

அக்டோபரில் மழை ஆரம்பித்ததும் முன் இடப்பக்கம் கிறீச்சிட்டது. பழைய கட்டிலில் உட்காருகிற மாதிரி. இரண்டு வாரத்தில் அதனுடன் பழைய 'டொக்' வந்து சேர்ந்தது. அடியில் படுத்துப் பார்த்தால், மூன்றே மாதத்துப் புஷ்ஷின் ரப்பர் சுற்றிலும் முறுக்கிக் கிழிந்திருந்தது. சாமான் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டே அங்கிளிடம் காட்டினேன். புஷ்ஷை விரலில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். "போல்ட்டை எப்போது முறுக்கினாய்?" என்றார். சக்கரம் தொங்கும்போது என்றேன். சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார்.

இந்தப் புஷ்ஷில் ரப்பர் உள் குழாயோடும் வெளிக்கூட்டோடும் ஒட்டியிருக்கிறது. ஆர்ம் மேலும் கீழும் போகும்போது ரப்பர்தான் முறுக்கிக் கொடுக்கிறது. போல்ட்டை முறுக்குகிற நிமிஷத்தில் ஆர்ம் எந்தக் கோணத்தில் இருக்கிறதோ அதுதான் ரப்பருக்கு ஓய்வு நிலை. நான் சக்கரம் கீழே தொங்கும்போது முறுக்கினேன். காரைத் தரையில் இறக்கியதுமே ரப்பர் பாதி முறுக்கேறி நின்றுவிட்டது. அதற்கு மேல் ஒவ்வொரு குழியிலும் இன்னும் முறுக்கு. மூன்று மாதம் தாங்கியதே பெரிது. பின் பீமை மட்டும் எப்படியோ தப்பித்தேன்: அங்கே போல்ட்டுக்குக் கை எட்டாததால், காரைப் பலகை மேல் ஏற்றி நிறுத்தி முறுக்கியிருந்தேன். அறிவால் வந்தது இல்லை, குட்டைக் கையால் வந்தது.

மறுபடி நாலு புஷ், 180 ரேண்ட். ஜூலையில் 360 கொடுத்ததை வேறு கடையில் பாதி விலைக்குக் கொடுத்தார்கள், அதையும் என்னவென்று சொல்ல. இந்த முறை போல்ட்டைக் கையால் மட்டும் ஏற்றிவிட்டு, பால் ஜாயிண்டுக்கு அடியில் ஜாக்கியைக் கொடுத்து மெல்லத் தூக்கினேன். கார் ஸ்டாண்டை விட்டு மயிரிழை எழும்பும்போது சக்கர நடுவிலிருந்து மட்கார்டுக்கு 335. ஓட்டும் உயரத்துக்கு இரண்டு மூன்று மி.மீ.க்குள். அங்கே வைத்து முறுக்கினேன். வலப்பக்கமும் அப்படியே, அது இன்னும் கிழியாவிட்டாலும்.

செலவைக் கூட்டிப் பார்த்தேன். ஸ்பிரிங், ஷாக், மவுண்ட் சேர்ந்து 6,320. லோயர் ஆர்ம் புஷ் இரண்டு தடவையும் சேர்த்து 540, பீம் புஷ் 520, டை ராட் முனை இரண்டு 440, புது போல்ட்டுகள் 180. அலைன்மெண்ட் இரண்டு தடவை 760. கம்ப்ரெஸர் 450, டார்க் ரெஞ்ச் 890, நரம்பு 60. மொத்தம் 10,160 ரேண்ட். ஆரம்பத்தில் ஒரு கடையில் கேட்டபோது ஸ்பிரிங்கும் ஷாக்கும் மட்டும் மாற்ற 9,500 சொன்னார்கள். புஷ் பற்றி அவர்களும் பேச்செடுக்கவில்லை. இன்சூரன்ஸில் ஸ்பிரிங் மாற்றியதைச் சொல்லிப் பதிவு செய்துவிட்டேன். மாதத் தொகை கூடவில்லை.

மறுபடி செய்தால் முதல் சனிக்கிழமை முழுவதும் கடப்பாரையோடு அடியில்தான் கிடப்பேன். புஷ், டை ராட், மவுண்ட் மூன்றையும் மாற்றி, பழைய ஸ்பிரிங்கோடு ஒரு மாதம் ஓட்டிப் பார்ப்பேன். அதற்குப் பிறகும் தாழ்வான ஸ்பிரிங் வாங்கியிருப்பேனா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. உடைந்த ஸ்பிரிங் இருந்ததால் எப்படியும் ஒரு ஜோடி வாங்கித்தான் ஆக வேண்டும், சரி, ஆனால் சாதாரண உயரத்திலேயே வாங்கியிருக்கலாம். நண்பர் ஒருவர் ஸ்ட்ரட் டவர் இரண்டையும் இணைக்கும் குறுக்குக் கம்பியை ஒரு வாரம் கடன் கொடுத்தார். மாட்டி ஓட்டினேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை; ஏர் ஃபில்டரைத் திறக்கத்தான் இடைஞ்சல். திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஒரு குறை மீதி இருக்கிறது. 35 மி.மீ. தாழ்ந்த பிறகு எங்கள் வீட்டுச் சரிவு தெருவோடு சேரும் இடத்தில் எக்ஸாஸ்டின் நடு ஜாயிண்ட் தட்டுகிறது, நாலு பேர் ஏறினால் மட்டும். இப்போதைக்கு அந்த விளிம்பில் இரண்டு பலகையைப் போட்டுக் குறுக்காக ஏற்றுகிறேன். ஏப்ரலில் மறுபடி மாரியம்மன் கோயிலுக்குப் போகும் முன் அந்த விளிம்பைச் செதுக்கி சிமெண்ட் பூச வேண்டும். அங்கிள் கலவைச் சட்டி தருகிறேன் என்றிருக்கிறார். அதற்கு ஈடாக அவருடைய டொயோட்டா டாஸின் லோயர் ஆர்ம் புஷ்ஷை நான் மாற்றித் தர வேண்டுமாம். போல்ட் முறுக்கும்போது மட்டும் தானும் பக்கத்தில் நிற்பேன் என்று சொல்லியிருக்கிறார்.